பேருந்து வந்த பாதை: 2018 லிபர்டடோரெஸ் இறுதிப்போட்டி மாட்ரிட் போன கதை

2018 கோபா லிபர்டடோரெஸ் இறுதிப்போட்டி என்றதும் எல்லாருக்கும் கல்லெறிந்த கூட்டம்தான் நினைவுக்கு வரும். தென் அமெரிக்காவின் மிகப் பெரிய கிளப் கோப்பை, புவெனஸ் ஐரிஸின் இரு பெரும் கிளப்புகளான ரிவர் பிளேட்டும் போகா ஜூனியர்ஸும் முதன்முறையாக அதன் இறுதியில் மோதுகின்றன, கடைசியில் அந்த ஆட்டம் பத்தாயிரம் கிலோமீட்டர் தாண்டி மாட்ரிட்டில் முடிகிறது. பழியெல்லாம் வெறிபிடித்த ரசிகர்கள் தலையில். இந்தக் கதை பாதிதான் சரி. ஆட வந்த போகா அணியின் பேருந்துக் கண்ணாடி உடைந்தது சில நொடிகளில். போட்டி உடைந்தது அதற்குப் பிந்தைய நான்கு மணி நேரத்தில், அதுவும் அரங்கத்துக்கு உள்ளே. கல்லெறிந்தவர்களில் யாரும் அப்போது அந்த அறைகளில் இல்லை.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டு கிளப்புகளும் பிறந்தது லா போகா துறைமுகப் பகுதியில்தான். ரிவர் 1901-ல், போகா 1905-ல். ரிவர் பிறகு வடக்கே வசதியான பக்கத்துக்குக் குடிபெயர்ந்தது, 'மில்லியனர்கள்' என்ற பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது. 2011-ல் ரிவர் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியதை போகா ரசிகர்கள் இன்றுவரை மறக்க விடுவதில்லை. 2018 வரை லிபர்டடோரெஸை போகா ஆறு முறையும் ரிவர் மூன்று முறையும் வென்றிருந்தன. இறுதிப்போட்டியை இரு அணிகளின் மைதானத்திலும் ஒவ்வோர் ஆட்டமாக நடத்தும் பழைய முறைக்கு அதுவே கடைசி ஆண்டு. அடுத்த ஆண்டு முதல் பொது மைதானத்தில் ஒரே ஆட்டம் என்று முன்பே முடிவாகிவிட்டது.

முதல் ஆட்டம் போகாவின் லா பொம்பொனேராவில். நவம்பர் 10 அன்று பெய்த மழையில் மைதானம் குளமாகி, ஆட்டம் மறுநாளுக்குப் போனது. மழைக்காகத் தள்ளிவைத்தது யாருக்கும் உறுத்தவில்லை, சரியான முடிவு, உடனே எடுத்த முடிவு. நவம்பர் 11 அன்று 2-2. போகாவுக்கு ஆபிலா கோல் போட்ட அடுத்த நிமிடமே ரிவரின் பிராட்டோ பதிலடி கொடுத்தார். இடைவேளைக்குச் சற்று முன் பெனெடெட்டோ மறுபடி போகாவை முன்னால் கொண்டுவந்தார். 61-ஆவது நிமிடத்தில் போகாவின் இஸ்கியேர்தோஸ் தன் வலைக்குள்ளேயே பந்தைத் தட்டிவிட்டார். வெளியூர் கோலுக்குக் கூடுதல் மதிப்பு என்ற விதி இறுதிப்போட்டிக்குக் கிடையாது. ஆக, எல்லாம் நவம்பர் 24-க்கு, ரிவரின் மொனுமென்டல் அரங்கத்துக்கு.

எதிரணி ரசிகர்கள் உள்ளே வரக் கூடாது என்ற தடை அர்ஜென்டினாவில் 2013 முதல் இருந்தது. லா பிளாட்டாவில் ஒரு ரசிகர் உயிரிழந்த பிறகு வந்த தடை அது. இந்த இறுதிக்காவது இரு பக்க ரசிகர்களும் வரட்டும் என்று அதிபர் மௌரிசியோ மாக்ரி பகிரங்கமாக விரும்பினார். அவரே போகா கிளப்பின் முன்னாள் தலைவர். இரு கிளப்புகளும் ஒத்துக்கொள்ளவில்லை. ஜி-20 மாநாட்டையே நடத்தப்போகிறோம், ரிவர்-போகா ஆட்டம் அதைவிடச் சின்ன விஷயம்தானே என்ற தொனியில் பாதுகாப்பு அமைச்சர் பத்ரீசியா புல்ரிச் பேசியிருந்தார். அந்த மாநாடு நவம்பர் 30-ல் அதே நகரில் தொடங்கவிருந்தது. உலகத் தலைவர்களின் வாகன வரிசைகளைக் காக்கத் தயாராகிக்கொண்டிருந்த ஊரில் ஒரே ஒரு பேருந்தைக் காக்க முடியவில்லை.

தடையின் ஒரு பக்க விளைவை அதிகம் பேர் கவனிப்பதில்லை. எதிரணி ரசிகர் ஒருவர்கூட வராத நாளில், ரிவரின் நூன்யெஸ் பகுதிக்குள் போகாவின் நிறத்தில் நுழையும் ஒரே பொருள் அணியின் பேருந்துதான். ஆயிரக்கணக்கானவர்களின் ஆத்திரமும் போய் விழ மிஞ்சியிருக்கும் ஒரே இலக்கு. ரசிகர்களைத் தடுத்துவிட்டோம், ஆகவே ஆபத்து குறைந்தது என்று நினைத்தவர்கள், மிச்ச ஆபத்து எங்கே குவிகிறது என்று பார்க்கவில்லை.

ஆட்டத்துக்கு முந்தைய நாள் இன்னொன்றும் நடந்தது. ரிவரின் 'பார்ரா பிராவா' தலைவர் ஒருவரின் வீட்டில் சோதனை நடந்தது. பார்ரா பிராவா என்பது அங்கே கிளப்பைச் சுற்றிப் பிழைக்கும் அடாவடிக் கும்பல். டிக்கெட் மறுவிற்பனை, வாகன நிறுத்தக் கட்டணம் என்று எல்லாவற்றிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. சோதனையில் இறுதிப்போட்டிக்கான 300 டிக்கெட்டுகளும் சுமார் ஒரு கோடி பெசோவும் சிக்கின. மறுநாள் கல்வீச்சு அதற்குப் பழிவாங்கல்தான் என்று நகர மேயர் ஒராசியோ ரோட்ரிகெஸ் லாரெட்டா சொன்னார். இருக்கலாம். ஆனால் பழிவாங்க நினைப்பவர்கள் இருக்கிறார்கள் என்று முந்தின நாளே தெரிந்தால், பேருந்தின் பாதையில் காவலைக் கூட்டியிருக்க வேண்டும் அல்லவா? அந்த விளக்கம் பொறுப்பைக் குறைக்கவில்லை, கூட்டுகிறது.

சரி, அந்த முனைக்கு வருவோம்.

லிபர்டடோர் அவென்யூவும் லிதோரோ கின்டெரோஸ் தெருவும் சந்திக்கும் இடம். மொனுமென்டல் அங்கிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. போகா பேருந்து அந்த வளைவில் திரும்பியபோது சாலையோரம் முழுக்க ரிவர் ரசிகர்கள். கூட்டத்துக்கும் பேருந்துக்கும் இடையே உருப்படியான தடுப்பு எதுவும் இல்லை. கல், பாட்டில், கையில் கிடைத்ததெல்லாம் பறந்தது. பக்கவாட்டுக் கண்ணாடிகள் நொறுங்கின. கூட்டத்தைக் கலைக்கப் போலீஸ் அடித்த மிளகுப் புகை உடைந்த ஜன்னல்கள் வழியே பேருந்துக்குள்ளேயே புகுந்தது. தாக்கியவர்கள் எறிந்ததும் காப்பாற்ற வந்தவர்கள் அடித்ததும் ஒரே வழியாக உள்ளே போயிருக்கின்றன. ஓட்டுநர் ஒரு கணம் நினைவு தப்பிச் சரிந்ததாகவும், அருகிலிருந்த போகா துணைத்தலைவர் ஒராசியோ பாவோலினி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டதாகவும் பிறகு செய்தி வந்தது. பேருந்து நிற்காமல் அரங்கத்துக்குள் போய்ச் சேர்ந்தது. இறங்கிய வீரர்களில் பலர் இருமிக்கொண்டும் வாந்தி எடுத்துக்கொண்டும் இருந்தார்கள். அணித்தலைவர் பாப்லோ பெரெஸுக்குக் கண்ணில் கண்ணாடித் துகள். அவரையும் இளம் வீரர் கொன்சாலோ லமார்தோவையும் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். பெரெஸ் கண்ணில் கட்டுடன் அரங்கத்துக்குத் திரும்பினார்.

ஆட்டம் தொடங்க வேண்டியது மாலை 5 மணிக்கு. தென் அமெரிக்கக் கால்பந்து கூட்டமைப்பான கொன்மெபோல் முதலில் 6 மணி என்றது. பிறகு 7.15 என்றது. இதற்கிடையே கூட்டமைப்பின் மருத்துவர்கள் ஓர் அறிக்கை கொடுத்தார்கள்: காயங்கள் தோலின் மேற்பரப்பில்தான், கண்ணின் கருவிழி பாதிக்கப்பட்டதாக உறுதி செய்ய முடியவில்லை, ஆட்டத்தை நிறுத்த மருத்துவக் காரணம் இல்லை. கண்ணில் கட்டோடு அணித்தலைவர் நடந்து வருகிறார், காகிதம் மட்டும் ஆடலாம் என்கிறது. எங்களை ஆடச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறார்கள் என்று போகா வீரர் கார்லோஸ் டெவெஸ் நிருபர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். ஃபிஃபா தலைவர் ஜியானி இன்ஃபான்டினோவும் அன்று அரங்கத்தில்தான் இருந்தார்.

ஒரு மணி நேரம், பிறகு இன்னும் ஒன்றேகால் மணி நேரம் என்று தவணை முறையில் தள்ளிப்போட்டதுதான் இந்தச் சம்பவத்தின் மையம் என்று நினைக்கிறேன். தாக்குதல் நடந்ததுமே இன்று ஆட்டம் இல்லை என்று அறிவித்திருந்தால் ரிவருக்கும் போகாவுக்கும் ஒரு நிலைப்பாடு எடுக்க நேரம் கிடைத்திருக்கும். அதற்குப் பதில், ஒவ்வொரு புதிய நேரமும் போகா வீரர்களின் மீது ஒரு நெருக்குதலாகவும், உள்ளே காத்திருந்த 66,000 பேருக்கு ஒரு வாக்குறுதியாகவும் ஆனது. அந்த வாக்குறுதியை நம்பி யாரும் எழுந்து போகவில்லை. தொலைக்காட்சி உலகம் முழுக்க நேரடியாகக் காட்டிக்கொண்டிருக்கிறது, விருந்தினர் மாடத்தில் ஃபிஃபா தலைவர் உட்கார்ந்திருக்கிறார், 'இல்லை' என்ற சொல்லை முதலில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. இது என் ஊகம், ஆனால் அந்த நேரப் பட்டியலை வேறு எப்படி வாசிப்பது என்று தெரியவில்லை.

ஒருவழியாக இரவில், கொன்மெபோல் தலைவர் அலெஹாந்த்ரோ டொமிங்கெஸும் ரிவர் தலைவர் ரொடோல்ஃபோ டோனோஃப்ரியோவும் போகா தலைவர் டேனியல் ஆன்ஹெலிசியும் ஒரு தாளில் கையெழுத்திட்டார்கள். ஆட்டம் மறுநாள் ஞாயிறு மாலை 5 மணிக்கு. கனவான்கள் ஒப்பந்தம் என்று அதைச் சொன்னார்கள். ஞாயிறு காலையில் போகா நிர்வாகம், சம நிலையில் ஆட முடியாது, ரிவரைத் தகுதிநீக்கம் செய்ய வேண்டும் என்று மனு கொடுத்தது. ரசிகர்கள் மறுபடியும் மொனுமென்டலுக்கு வந்துகொண்டிருந்தபோது மறுபடியும் ஒத்திவைப்பு. இரு அணிக்கும் சம வாய்ப்பு இல்லாத நிலையில் ஆட முடியாது என்றார் டொமிங்கெஸ். அந்த வாதம் சனிக்கிழமை மாலையிலும் அப்படியே பொருந்தியிருக்கும்.

போகாவின் மனுவுக்குப் பின்னால் ஒரு பழைய கணக்கு இருந்தது. 2015 மே 14, இதே கோப்பையின் முதல் நாக்அவுட் சுற்று, லா பொம்பொனேரா. இடைவேளை முடிந்து ரிவர் வீரர்கள் காற்றடைத்த கூடாரப் பாதை வழியாக மைதானத்துக்குத் திரும்பும்போது, போகா ரசிகர் ஒருவர் அந்தப் பாதைக்குள் எரிச்சலூட்டும் திரவத்தைப் பீய்ச்சினார். கண் எரிச்சலில் வீரர்கள் துடித்தார்கள், சட்டைகள் கறை படிந்தன. ஆட்டம் நிற்கிறதா நடக்கிறதா என்று தெரியாமல் ஒரு மணி நேரத்துக்கும் மேல் எல்லாரும் மைதானத்திலேயே நின்றார்கள். ரிவரின் இரண்டாம் பிரிவு நாட்களைக் குத்திக்காட்ட, 'பி' என்று எழுதிய ஒரு பேய் பொம்மையை ட்ரோனில் தொங்கவிட்டு மைதானத்துக்கு மேல் பறக்கவிட்ட இரவும் அதுதான். சில நாட்களில் கொன்மெபோல் போகாவைப் போட்டியிலிருந்தே நீக்கியது. ரிவர் அந்த ஆண்டு கோப்பையை வென்றது.

அன்று எங்களுக்கு ஒரு நியாயம், இன்று அவர்களுக்கு வேறா? இதுதான் போகாவின் கேள்வி. நியாயமான கேள்வி. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. 2015-ல் சம்பவம் நடந்தது அரங்கத்துக்குள், ஆட்டத்தின் நடுவில், கிளப்பின் கட்டுப்பாட்டிலுள்ள வாயிலுக்கும் வேலிக்கும் உள்ளே. 2018-ல் நடந்தது பொதுச் சாலையில், அங்கே காவல் அரசின் கையில். சொந்த ரசிகர்களின் செயலுக்குக் கிளப்பைப் பொறுப்பாக்கும் விதி எவ்வளவு தூரம் நீளும்? சுற்றுச்சுவர் வரையா, தெருமுனை வரையா? கொன்மெபோலின் ஒழுங்குக் குழு இரண்டுக்கும் நடுவே ஒரு புள்ளியைத் தேர்ந்தது. தகுதிநீக்கம் இல்லை. ரிவருக்கு 4 லட்சம் டாலர் அபராதம், அத்துடன் கூட்டமைப்பின் போட்டிகளில் இரண்டு ஆட்டங்கள் பார்வையாளர் இல்லாமல். போகா விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் மன்றம் வரை போனது. 2020-ல் அங்கும் கோப்பை கைக்கு வரவில்லை.

சட்டப்படி அந்தக் கோடு தப்பில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. போகா கோப்பையை மைதானத்தில் ஆடாமல் மேசையில் வாங்கியிருந்தால் அது போகாவுக்கே இனித்திருக்காது. ஆனால் சாலை ரிவரின் பொறுப்பல்ல என்று ஒரு கையால் எழுதிவிட்டு, சொந்த மைதான ஆட்டத்தை ரிவரிடமிருந்து இன்னொரு கையால் பிடுங்கியது முரண். 66,000-க்கும் மேற்பட்டவர்கள் சனிக்கிழமை சுமார் எட்டு மணி நேரம் பொறுமையாகக் காத்திருந்தார்கள், அவர்களுக்கு ஏன் இந்தத் தண்டனை என்று ரிவர் தன் அறிக்கையில் கேட்டது. அதற்கு உருப்படியான பதில் வரவே இல்லை.

நவம்பர் 27 அன்று பராகுவேயின் லூக்கே நகரில், கொன்மெபோல் தலைமையகத்தில் கூடி, ஆட்டம் அர்ஜென்டினாவுக்கு வெளியே என்று தீர்மானித்தார்கள். தோஹா முதல் ஜெனோவா வரை பல ஊர்ப் பெயர்கள் அடிபட்டன. ஜெனோவா ஏன் என்றால், போகாவைத் தொடங்கிய இளைஞர்கள் அந்தத் துறைமுகத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். இரண்டு நாளில் முடிவு வந்தது: டிசம்பர் 9, சாந்தியாகோ பெர்னபேவு, மாட்ரிட். ஸ்பெயினின் பிடியிலிருந்து கண்டத்தை மீட்டவர்களின் பெயரிலான கோப்பையை ஸ்பெயின் தலைநகரில் முடிவு செய்வதா என்று ஊரெல்லாம் கிண்டல். கிண்டல் இருக்கட்டும். இரண்டு கிளப்புகளுமே இந்த முடிவை எதிர்த்தன. இந்த விவகாரத்தில் இருவரும் ஒன்றுபட்ட அபூர்வமான இடம் அது.

மாட்ரிட் ஒரு விஷயத்தை நிரூபித்தது, ஆனால் கூட்டமைப்பு நினைத்த விஷயத்தை அல்ல. அரங்கத்தில் அன்று 62,282 பேர். ரிவர், போகா இரண்டின் ரசிகர்களும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்தார்கள். சொந்த ஊரில் பல ஆண்டுகளாக நடக்காத காரியம். காஸ்தெயானா சாலையில் இரு தரப்பு ரசிகர்கள் கூடும் இடங்களையும் தூரம் தூரமாகப் பிரித்து, வரும் வழிகளைத் தனித்தனியாக்கி, சுமார் 4,000 பேரைக் காவலுக்கு நிறுத்தியிருந்தார்கள். பார்ரா பிராவா ஆள் ஒருவரை விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பினார்கள். பெரிய அசம்பாவிதம் எதுவும் இல்லை. அத்தனை தூரம் விமானச் செலவு செய்யக்கூடியவர்கள் வேறு வகைக் கூட்டம், அது உண்மை. ஆனாலும் பாதையைப் பிரித்துக் காவல் போட மாட்ரிட்தான் வேண்டும் என்று இல்லை.

ஆட்டத்தைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. இந்திய நேரப்படி அது டிசம்பர் 10 அதிகாலை 1 மணி. தூக்கத்தை விட்டவர்களுக்கு நஷ்டமில்லை. ரிவரின் பயிற்சியாளர் மார்செலோ கயார்டோ தடையில் இருந்தார். அரையிறுதியில் பிரேசிலின் க்ரேமியோ அணிக்கு எதிராகத் தடையை மீறி உடைமாற்றும் அறைக்குள் போய் வாங்கிய தண்டனை. அவர் மேலே பார்வையாளர் பகுதியில், கீழே உதவியாளர் மத்தியாஸ் பிஸ்காய். 44-ஆவது நிமிடத்தில் போகாவின் நாந்தெஸ் அனுப்பிய நீண்ட பந்தை வாங்கி ஓடிய பெனெடெட்டோ, தற்காப்பு வீரரைக் கடந்து, கோல்கீப்பர் அர்மானியையும் தாண்டி அமைதியாக உள்ளே தள்ளினார். திரும்பி ஓடும்போது ரிவரின் மோன்தியேலைப் பார்த்து நாக்கை நீட்டினார். அந்தப் படம்தான் மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் வந்திருக்க வேண்டியது.

வரவில்லை. 68-ஆவது நிமிடத்தில் நெருக்கமான பாஸ்களால் போகா தற்காப்பைப் பிரித்து, பிராட்டோ சமன் செய்தார். கூடுதல் நேரம் தொடங்கியதுமே போகாவின் வில்மர் பாரியோஸ் இரண்டாவது மஞ்சள் அட்டையோடு வெளியேறினார். 109-ஆவது நிமிடத்தில், மாற்று வீரராக வந்த கொலம்பியர் ஹுவான் கின்டெரோ பெட்டிக்கு வெளியே இடது காலால் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தின் அடியில் பட்டு உள்ளே விழுந்தது. போகாவின் மாற்று வாய்ப்புகள் தீர்ந்த நிலையில் ஃபெர்னாந்தோ காகோ காயத்தில் வெளியே போக, ஒன்பது பேர். அப்போதும் அவர்கள் விடவில்லை. கடைசி நிமிடத்தில் ஹாரா அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அடுத்த கார்னருக்குக் கோல்கீப்பர் அந்த்ராடாவே ரிவரின் பெட்டிக்கு ஓடினார். பந்து வெளியே விழுந்தது, ரிவரின் பிட்டி மார்ட்டினெஸ் ஆளில்லாத மைதானத்தில் தனியாக ஓடி, ஆளில்லாத வலைக்குள் தட்டிவிட்டார். 3-1. மொத்தம் 5-3.

அந்த ரிவர் அணி ஒன்பது நாள் கழித்து ஃபிஃபா கிளப் உலகக் கோப்பை அரையிறுதியில் அல் ஐன் அணியிடம் பெனால்டியில் தோற்றது. அதை ரிவர் ரசிகர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை.

பொறுப்பு யார் ஏற்றார்கள் என்று பார்த்தால் பட்டியல் சிறியது. நகரப் பாதுகாப்பு அமைச்சர் மார்ட்டின் ஒகாம்போ ஓரிரு நாளில் பதவி விலகினார். கல்லெறிந்த குற்றத்துக்கு ஒருவர் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை பெற்றார். கொன்மெபோலில் யாரும் நாற்காலியை இழக்கவில்லை. அன்று மாலை 6 என்றும் 7.15 என்றும் அறிவித்தது எந்த அடிப்படையில் என்று கேள்வி கேட்டு எழுதப்பட்ட தீர்ப்பு எதுவும் இல்லை. விசாரணை எல்லாம் தெருமுனையிலேயே நின்றுவிட்டது.

பொது மைதானத்தில் ஒரே ஆட்டம் என்ற புது முறை இதையெல்லாம் தீர்த்துவிடும் என்று சொன்னார்கள். முதல் ஆண்டிலேயே, 2019-ல், சிலியில் மக்கள் போராட்டம் வெடித்ததால் இறுதிப்போட்டியை சாந்தியாகோவிலிருந்து லீமாவுக்கு மாற்ற வேண்டியிருந்தது. அங்கே 89-ஆவது நிமிடம் வரை முன்னணியில் இருந்த ரிவர், காபிகோல் என்ற வீரர் போட்ட இரண்டு கோலில் பிரேசிலின் ஃபிளமெங்கோ அணியிடம் தோற்றது. 2024 இறுதிக்கு கொன்மெபோல் தேர்ந்த இடம் மொனுமென்டல். நவம்பர் 30 அன்று போட்டஃபோகோவும் அட்லெட்டிகோ மினெய்ரோவும் பிரேசிலிலிருந்து தத்தம் ரசிகர்களோடு வந்து ஆடின. முதல் நிமிடத்திலேயே ஒருவரை இழந்தும் போட்டஃபோகோ 3-1 என வென்றது.